டவுசரில் ஒட்டிய மண்

போன மாதம் தட்டாஞ்சாவடிப் பக்கம் புதிதாகப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் புல் மைதானத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கும் சுமதி என்கிற கோச், "பதினாலு சீசன் ஸ்டாப்பரா ஆடியிருக்கீங்க. தடுப்பாட்டம் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று வீட்டுக்கே வந்து கேட்டார். போனேன். மைக்கில் என்னை 'புதுவையின் முன்னாள் நட்சத்திரம்' என்றார்கள். வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து கைதட்டினேன்.

"நீங்க எத்தனை கோல் அடிச்சிருக்கீங்க சார்?" என்றது ஒரு பெண்.

"ரெண்டு."

"எந்த டீமுக்கு எதிரா?"

"ஒண்ணு எதிர் டீமுக்கு. இன்னொண்ணு எங்க டீமுக்கு."

சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண், "எப்பவாவது வேணும்னே விட்டுக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டது. சுமதி பதறிப்போய், "அதெல்லாம் அந்தக் காலத்துல கிடையாதும்மா, அப்பல்லாம் ஆட்டத்தைச் சாமி மாதிரி பாத்தாங்க" என்று சொல்லி, என் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். பொன்னாடை போர்த்திக்கொண்டு உண்மை பேசுவது சிரமம்.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் இது. இதைப் படித்தால் வருத்தப்பட இருவர் இருந்தார்கள். இருவரும் இப்போது இல்லை.

எங்கள் பஞ்சு மில் அணி இரண்டாம் டிவிஷனில் ஆடியது. எங்களைவிட மோசமாக ஆடுகிறவர்களுக்கு மூன்றாம் டிவிஷன் என்று ஒன்று இருந்ததால் எங்களுக்கு அந்தக் கௌரவம். உப்பளம் மைதானத்தில் ஆட்டம். முதல் ஷிப்ட் முடிந்து வெயில் தாழட்டும் என்று காத்திருக்கும் தொழிலாளிகள்தான் எங்கள் ரசிகர்கள். நாங்கள் ஜெயித்தால் வீட்டுக்குப் போவார்கள். தோற்றால் இருந்து திட்டிவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தாமதம்தான் ஆனது.

நான் முத்தியால்பேட்டைக்காரன். கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்ததும், கோயில் திருவிழா டோர்னமெண்டுகளில் குடம் பரிசு வாங்கியதும்தான் என் பயிற்சிக் காலம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடி உயரம், அகலமும் அதற்கு ஏற்றபடி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் வெள்ளைப் பேண்ட் போட்ட பெரியவர் ஒருவர் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "பந்து போனா ஆளு போகல, ஆளு போனா பந்து போகல. இது போதும்" என்றார். அடுத்த வாரம் மில்லில் பதிலியாகச் சேர்ந்தேன். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராத நாளில் அவன் இடத்தில் நிற்கிறவன். காலையில் கேட்டருகே நின்று, இன்றைக்கு யாருக்குக் காய்ச்சல் என்று ஆவலோடு எதிர்பார்க்கிற பிழைப்பு. வேலை கிடைத்தால் நூல் நூற்கும் ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டவேண்டும். ஆறு வருடம் அப்படி நின்றேன்.

அந்த வெள்ளைப் பேண்ட் பெரியவர்தான் எங்கள் கோச். பெயர் லூர்துநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்போம். நேரில் 'முசே' என்று கூப்பிடவேண்டும். சார் என்றால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

முசேவின் முறைகள் தனி. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எங்களை வரிசையாக மணலில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்வார். ஒவ்வொருவன் கால் விரலாகப் பார்த்துக்கொண்டு வருவார். நகம் வளர்ந்திருந்தால் பையிலிருந்து சிறு கத்தரி வரும். அவரே வெட்டுவார், வலிக்கிறமாதிரி. அதற்கப்புறம் பூட்ஸ். பதினைந்து பேருக்குப் பதினோரு ஜோடி. அடியில் தோல் குமிழ்களை ஆணியால் அடித்த பழைய பூட்ஸ்கள். பாதி ஆட்டத்தில் ஆணி உள்ளே தலை நீட்டி, நம்மை உற்சாகமாக ஓடவைக்கும். மில்லில் கழிவாகும் பஞ்சை உருட்டி உள்ளே அடைத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே அட்டைக்கு உள்ளே வைத்துக் கட்டுவதும் அதே பஞ்சுதான். அந்த மில்லின் சரக்கை எங்களைவிட நெருக்கமாக யாரும் உடம்பில் தரித்ததில்லை.

ஆட்டம் தொடங்கியதும் மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கத்தமாட்டார். 'அலே' என்று ஒரு சொல், போ என்று அர்த்தம், அதுவும் எப்போதாவது. எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது இரண்டே பாடம். எதிராளியின் காலைப் பார்க்காதே, இடுப்பைப் பார். கால் பொய் சொல்லும், இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. இரண்டாவது, பேக் ஆடுகிறவன் கீழே விழக்கூடாது.

"விழுந்துட்டீன்னா நீயும் டிக்கெட் வாங்காம வேடிக்கை பாக்குறவன்தான், ஏழுமல" என்பார்.

இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது என்பதை அடுத்த பதினாலு வருடம் எல்லா அணிகளும் கண்டுபிடித்தன.

அணியில் இன்னொருவரைச் சொல்லவேண்டும். பக்கிரிசாமி அண்ணன். மில் ஸ்டோரில் உதவியாள். ஐம்பதை நெருங்கியவர், குள்ளம், கொஞ்சம் தொந்தி. பூட்ஸுகளுக்கு எண்ணெய் போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, இடைவேளையில் ஆரஞ்சு உரித்துத் தருவது எல்லாம் அவர். பட்டியலில் பன்னிரண்டாவது பெயராக ஒன்பது வருடம் இருந்தார். ஒன்பது வருடத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நகம் வெட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டுவார். முசேவும் மற்றவர்களுக்குப் பார்ப்பதுபோலவே விரல் விரலாகப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது அது நினைவுக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை.

என் ஆறாவது சீசனில் மில்லில் நிரந்தரம் ஆக்கப்போகிறவர்களின் பட்டியல் தயாராவதாகப் பேச்சு. என் மனைவி தனலட்சுமிக்கு அப்போது எட்டாம் மாதம். அந்த நேரம் பார்த்து லேபர் ஆபீசர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கனகசபை என்று பெயர். பதிலிகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு நாற்காலியில் உட்காரச் சொன்னார். சாசர் வைத்த கப்பில் டீ வந்தது. அந்த ஆபீசில் சாசரோடு டீ வந்தால் ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். எனக்கு அது அப்போது தெரியாது.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்சா ஏழுமலை?"

"ஆமா சார்."

"எதிர் டீம்ல சென்டர் பார்வர்டு பாபுன்னு ஒரு பையன். நம்ம வீட்டம்மாவோட தம்பி. அன்னிக்கி ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வராங்க. எடுத்துட்டா அவனுக்குப் பேங்க்ல வேலை." ஒரு பைலைத் திறந்து மூடினார். "நீ கொஞ்சம் பாத்து ஆடு."

"பாத்துத்தான் சார் ஆடுறேன்."

"அந்தப் பாத்து இல்லப்பா."

எந்தப் பாத்து என்று புரிந்தது. பட்டியலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது மேஜைமேலேயே இருந்தது, பேசவேண்டிய அவசியம் இல்லை.

வீட்டில் தனலட்சுமியிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாங்க இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு. ஒரு கோலுதானே? குடுத்துட்டு வாங்களேன். நீங்க குடுக்காமலே எத்தினி போயிருக்கு."

நியாயமான பேச்சு. விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். யாருடைய கட்டாயமும் இல்லை, முழு மனதோடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில் நாலு நாற்காலி. மூன்றில் தேர்வுக்காரர்கள், ஒன்றில் கனகசபை. பாபு வந்தான். புது பூட்ஸ், முழங்கால்வரை சாக்ஸ், படிய வாரிய தலை. ஆளைப் பார்த்தால் படத்துக்கு எடுக்கலாம். பந்தைத் தொடும்வரை அந்த எண்ணம் இருந்தது.

ஐந்தாவது நிமிடம் பந்தோடு என்னிடம் வந்தான். இடுப்பு வலப்பக்கம் போகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. நான் இடப்பக்கம் போனேன். முன்னால் கீப்பர் அந்தோணி மட்டும். பாபு பந்தின்மேல் காலை வைத்து அவனே தடுக்கி விழுந்தான்.

அரை மணி ஆனதும் இரண்டாவது தடவை. நான் மெதுவாக ஓடினேன். அவன் அடித்த பந்து கோலுக்கு மேலே பறந்து, மேய்ந்துகொண்டிருந்த மாட்டின் விலாவில் போய் அடித்தது. மாடு தலையைத் தூக்கி அவனைத்தான் பார்த்தது. தேர்வுக்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கனகசபை என்னைப் பார்த்தார். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று எனக்கும் விளங்கவில்லை. ஒருவனைத் தடுப்பதற்குத்தான் எனக்குப் பயிற்சி. தூக்கிக்கொண்டுபோய் கோலுக்குள் வைக்க யாரும் சொல்லித்தரவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் மூன்றாவது தடவை. இந்த முறை சந்தேகமே இருக்கக்கூடாது என்று, அவன் நாலடி தூரத்தில் வரும்போதே நான் வழுக்கியவன்போலக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். அந்தோணி ஓடி வந்தான். பாபு நிதானமாக, குறி பார்த்து, பந்தை அந்தோணியின் நெஞ்சில் உதைத்துக் கொடுத்தான்.

"இன்னாடா ஆச்சி ஒனக்கு இன்னைக்கி?" என்று அந்தோணி பந்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான். மைதான ஓரத்தில் எங்கள் ரிங் பிரேம் ஆட்கள், "ஏழுமலைக்குப் பாய் போடுங்கடா" என்று கூவினார்கள்.

இடைவேளை. பக்கிரி அண்ணன் ஆரஞ்சுத் தட்டோடு வந்தார். முசே ஸ்டூலை விட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"விழுந்தியா, உக்காந்தியா?"

"வழுக்கிடுச்சி முசே."

"திரும்பு."

திரும்பினேன். என் டவுசரின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கால் நகத்தைப் பார்க்கிற அதே கவனம்.

"ஓடும்போது வழுக்கினா தொடையில மண்ணு ஒட்டும், பக்கத்துல தேச்சிக்கிட்டு. ஒனக்கு ரெண்டு பக்கமும் வட்டமா ஒட்டியிருக்கு. இது நாற்காலில உக்காந்த மண்ணு."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கே தெரியாமல் என் கண் அந்த நாலு நாற்காலிகளின் பக்கம் போய்விட்டது. முசேவும் அந்தப் பக்கம் பார்த்தார். கனகசபையைப் பார்த்தார், பாபுவின் புது பூட்ஸைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"பட்டியலா?" என்றார்.

"ஆமா முசே."

"சரி. அது ஒன் வயித்துப்பாடு, நான் குறுக்க வரல. ஆனா உக்காரணும்னா வெளிய உக்காரு." பிறகு திரும்பாமலே கூப்பிட்டார். "பக்கிரி, தட்டைக் கீழ வெய்யி. பூட்ஸ் போடு."

பக்கிரி அண்ணனின் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளைகள் அப்படியே நின்றன. "நானா முசே?" என்றார். கேட்டதும் பதிலுக்குக் காத்திராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பூட்ஸ் இல்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு சைஸ் பெரிது. பஞ்சை உருட்டி உருட்டி அடைத்துக்கொண்டார். "ஏழுமல, கயிறக் கொஞ்சம் இறுக்கிக் கட்டு" என்றார். கட்டிவிட்டேன்.

அந்தப் பாதி ஆட்டம் முழுக்க அவர் ஓடியதை நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து பார்த்தேன். பூட்ஸ் ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போனார். ஆனால் பாபுவை விடவில்லை. தொந்தியோடு போய் முட்டினார், குறுக்கே விழுந்தார், எழுந்து மறுபடி துரத்தினார். பாபுவுக்கு முதல் முறையாக மூச்சு வாங்கியது. கனகசபை நாற்காலியில் நெளிந்தார். எனக்கு என்ன ஆசை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பக்கிரி அண்ணன் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி ஐந்து நிமிடம் இருக்கும். பாபு கோல் பக்கம் பார்க்கக்கூட இல்லாமல் எங்கேயோ ஒரு உதை விட்டான். பந்து வெளியே போயிருக்கும். பக்கிரி அண்ணன் அதையும் தடுக்கப் பாய்ந்தார். அவர் முழங்காலில் பட்டுத் திசை மாறி, அந்தோணி ஒரு மூலையில் கிடக்க, மறு மூலையில் உருண்டு உள்ளே போய்விட்டது.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம். பாபுவை நாலு பேர் தூக்கிக்கொண்டார்கள். தேர்வுக்காரர்கள் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அவன் பேங்கில் சேர்ந்தான், அப்புறம் பந்தைத் தொட்டதாகத் தகவல் இல்லை. கால்பந்துக்கு அவன் செய்த ஒரே நன்மை அது.

மறுநாள் கனகசபை என்னைத் தோளில் தட்டினார். "நீ வெளிய போயிட்டு அந்தக் கிழவனை உள்ள விட்ட பாரு, அது ஐடியா! இவ்ளோ மூளை ஒனக்கு இருக்கும்னு நான் நெனைக்கல" என்றார். அந்த மாதக் கடைசியில் நான் நிரந்தரம் ஆனேன். களத்திலேயே இல்லாத நேரத்தில் விழுந்த கோலுக்காக வேலை நிரந்தரம் ஆனவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஐயா, அது நான் செய்ததில்லை என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம்தான்.

பக்கிரி அண்ணனுக்கு மில்லில் 'கேட்டு பக்கிரி' என்று பெயர் வைத்தார்கள். கேட்டைத் திறந்து விட்டவராம். ஸ்டோருக்குச் சாமான் வாங்கப் போகிறவன் எல்லாம், "அண்ணே, கேட்டு தொறந்திருக்கா?" என்பான். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். நான் சாமான் வாங்க வேறு ஆளை அனுப்பினேன்.

முசே மூன்று வாரம் என் பெயரை அணிப் பட்டியலில் எழுதவில்லை. டைம் ஆபீஸ் பலகையில் அவர் ஒட்டும் தாளில் பன்னிரண்டாவதாகக்கூட நான் இல்லை. நாலாவது வாரம் அவர் வீட்டுக்கே போனேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"முசே, பெர்மனென்ட் ஆயிட்டேன்."

"கேள்விப்பட்டேன். நல்லது. வீட்ல எப்ப?"

"இந்த வாரத்துக்குள்ள."

"நல்லது." அடுத்த ஷூவை எடுத்தார். அதையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "வியாழக்கிழமை பிராக்டிஸுக்கு வா. மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. இந்த ஊர்ல ஆறடியில வேற ஆளு சிக்கல."

அப்புறம் எட்டு சீசன் ஆடினேன். நல்லவனாகிவிட்டேன் என்று சொல்லவரவில்லை. முசேவுக்கு முன்னால் திரும்பி நிற்கப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் ஒரு முறைகூட உட்காரவில்லை. வலது முழங்கால் போனது, முன்பல் ஒன்று போனது. நாங்கள் இரண்டாம் டிவிஷனிலேயே இருந்தோம், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல்.

எண்பதுகளின் நடுவில் நான் பூட்ஸைக் கழற்றிய வருடமே பக்கிரி அண்ணன் ரிட்டயர் ஆனார். மில் கேண்டீனில் பாராட்டுக் கூட்டம். மாலையும் கழுத்துமாக நடுவில் அவர். முசே வெள்ளை உடையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். பேசிய ஒவ்வொருவனும் 'கேட்டு' என்று தொடங்கி, அந்தக் கோலைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு இறங்கினான். பக்கிரி அண்ணனும் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டேன்.

"அந்த மேட்ச்சைக் குடுத்தவன் நானு" என்றேன். சாசரில் வந்த டீ, பட்டியல், நான் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சரியா ஆடியிருந்தா அண்ணன் உள்ளயே வந்திருக்க மாட்டாரு. என்னை வெளியேத்துனதாலதான் அவரை எறக்குனாங்க. கேட்டுன்னு கூப்புடணும்னா என்னைக் கூப்புடுங்க."

பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு பக்கிரி அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அத்தனை வருடக் கேலியிலும் போகாத சிரிப்பு அது.

"அப்ப முசே என்னை எடுத்தது..." என்றார். மாலையைக் கையால் பிடித்துக்கொண்டார். "நல்லா ஆடுவேன்னு எடுக்கலியா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் அவருக்குக் கொடுத்தது ஒரு கோல். அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது வேறு. ஒன்பது வருடம் காத்திருந்து, ஒருநாள் முசே தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பதை. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சிரித்திருக்கிறார்.

முசே எழுந்தார்.

"ஏழுமல சொல்றது பொய்யி" என்றார், ரிப்போர்ட் படிக்கிற குரலில். "அன்னிக்கி அவனுக்குக் கணுக்கால் வீங்கிடுச்சி. அவன் நல்லாயிருந்தாலும் ரெண்டாவது பாதிக்குப் பக்கிரிதான். காலையிலயே முடிவு பண்ணிட்டேன். பக்கிரியைவிட நல்லா அன்னிக்கி யாரும் ஆடல." பிறகு என்னைப் பார்த்தார். "சரிதானே?"

"சரிதான் முசே" என்றேன்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. பக்கிரி அண்ணன் இறங்கிவந்து, நூறு பேர் முன்னிலையில் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"டேய் தம்பி, என் பழிய நீ ஏத்துக்கணும்னு இப்பிடி ஒரு கதைய ஜோடிச்சியா? யாருக்குடா வரும் இந்த மனசு?" என்று என் காதில் சொல்லி அழுதார். அவர் மனைவி வந்து என்னைக் கும்பிட்டார். முசே தட்டிலிருந்த மிக்சரைத் தின்றுகொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

அதற்கப்புறம் பக்கிரி அண்ணன் பத்தொன்பது வருடம் இருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரிய மார்க்கெட்டில் நல்ல கரும்பாகப் பொறுக்கி, ஒரு கட்டு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து கடித்துத் தின்றோம். நன்றாகத்தான் இனித்தது.